முதல் மூன்றெழுத்தை நம்பிய செயலி

ஒரு ஸ்பிரே டப்பாவின் எச்சரிக்கை வரியில் ‘இன்ஃபிளேமபிள்’ என்று இருந்ததை ‘தீப்பற்றாதது’ என்று தமிழாக்கி அனுப்பிய ஆள் நான்தான். லேபிள்களும் பயன்பாட்டுக் குறிப்புத் தாள்களும் மொழிபெயர்ப்பது பல வருடமாக என் பிழைப்பு. இருந்தும் அன்றைக்கு ‘இன்’ என்று கண்டதும் கை தானாக ‘இல்லை’ போட்டுவிட்டது. மெய்ப்புப் பார்த்த அக்கா அதைச் சிவப்பில் வட்டமிட்டு, “அப்போ இதை அடுப்புப் பக்கத்தில் வைக்கலாமா தம்பி?” என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். அச்சுக்குப் போகவில்லை, பிழைத்தேன்.

அந்த வெட்கத்தில் தேடி இறக்கியதுதான் இந்தச் செயலி. பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை நிறையச் சொல்லப்போகிறேன், எதற்கு வம்பு. ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினால், அதே எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் எல்லாம் அட்டை அட்டையாக வந்து நிற்கும். ஒவ்வொரு அட்டையிலும் தமிழ்ப் பொருள், ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம், உச்சரிப்பைக் கேட்க ஒரு ஒலிபெருக்கிப் படம். நான்கு மாதமாக வேலைக்கு நடுவே திறந்தே வைத்திருக்கிறேன்.

முதலில் தட்டிப் பார்த்தது, வேறென்ன, ‘ஐ, என்’. இன்ஃபிளேமபிள் அட்டையில் ‘எளிதில் தீப்பிடிக்கும்’ என்று சரியாகவே இருந்தது. ஏன் அப்படி என்பதற்குத்தான் ஒரு வரியும் இல்லை. லத்தீனில் இரண்டு ‘இன்’ உண்டு. ஒன்று மறுப்பு, ‘இன்கரெக்ட்’டில் வருவது. மற்றது ‘உள்ளே, மேலே’ என்ற பொருளில் வருவது. ‘இன்ஃபிளேம்’ என்றால் தீ மூட்டுவது. அப்படி மூட்டக்கூடியது இன்ஃபிளேமபிள். உடம்பில் வரும் ‘இன்ஃபிளமேஷ’னும் இதே ஆள்தான். அதை நாம் அழற்சி என்கிறோம், அந்தத் தமிழ்ச் சொல்லுக்குள்ளும் அழல் என்று நெருப்புதான் இருக்கிறது. இவ்வளவும் சொல்ல ஒரு அட்டை தாராளமாகப் போதும். என்னைப் போல வழுக்கி விழுந்தவர்கள் ஏராளம் என்பதற்குச் சாட்சியும் உண்டு: எச்சரிக்கை லேபிள்களில் இன்று ‘இன்’ இல்லாத வெறும் ‘ஃபிளேமபிள்’தான் பெரும்பாலும் இருக்கிறது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

சரி, ஒரு அட்டையில் விளக்கம் விட்டுப்போனது பெரிய குற்றமில்லை என்று அடுத்ததாக ‘பி, இ, என்’ தட்டினேன். அங்கேதான் செயலியின் குணம் தெரிந்தது.

மேலே பச்சைப் பட்டையில் தலைப்பு: ‘பென் – ஏறக்குறைய’. கீழே அத்தனை சொல்லும் அதே பச்சையில். பெனின்சுலாவுக்கு அது பொருந்தும். லத்தீனில் ‘பைனே’ என்றால் ஏறக்குறைய, ‘இன்சுலா’ என்றால் தீவு. ஏறக்குறைய தீவு, நம் தீபகற்பம். கிரகணப் பாடத்தில் வரும் ‘பெனம்ப்ரா’வும் அப்படித்தான், ஏறக்குறைய நிழல். ஆனால் அதே பட்டையில் பென், பென்சில், பெனால்டி, பென்ஷன் நாலும் உட்கார்ந்திருக்கின்றன. பென்ஷன் ஏறக்குறைய என்ன? ஏறக்குறையச் சம்பளமா? ஓய்வு பெற்றவர்கள் வேண்டுமானால் ஆமாம் என்பார்கள்.

இனிஷியல் ஒன்றாக இருப்பதால் இரண்டு பேர் பங்காளி ஆகிவிடுவார்களா? இந்தச் செயலியைச் செய்தவர்கள் ஆகிவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். பென் வந்தது இறகைக் குறிக்கும் ‘பென்னா’விலிருந்து, இறகைச் சீவித்தானே ஒரு காலத்தில் எழுதினார்கள். பென்சில் அதற்குத் தம்பி என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. அது ‘பெனிசில்லஸ்’, சின்ன வால் என்று பொருள், அதாவது ஓவியரின் மெல்லிய தூரிகை. ஆங்கிலத்திலும் பென்சில் என்றால் முதலில் தூரிகைதான், கரிக்குச்சி பிறகு வந்தது. பென்சிலின் உண்மையான உறவு மருந்துக் கடையில் இருக்கிறது: பெனிசிலின். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928இல் கவனித்த அந்தப் பூஞ்சை, நுண்ணோக்கியில் பார்த்தால் தூரிகை போலக் கிளைத்திருக்கும். அதனால் அதன் பெயர் பெனிசிலியம். பென்ஷனோ தராசில் நிறுத்துக் கொடுப்பதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது. கழுத்தில் தொங்கும் பெண்டன்ட் அதற்குச் சொந்தம். பெனால்டி தண்டனை வழி. ஒரே பச்சைப் பட்டைக்குள் பெனின்சுலாவையும் சேர்த்து ஐந்து குடும்பம், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போக வேண்டியதில்லை.

இந்தப் பட்டியலில் என்னை மிகவும் உறுத்தியது ‘பெனல்டிமேட்’. ‘அல்டிமேட்’டுக்கு முன்னால் ஏதோ ஒட்டியிருப்பதால் அதைவிடப் பெரியது என்று நினைத்து ‘உச்சக்கட்ட’ என்று போட்டிருக்கிறார்கள். அது கடைசிக்கு முந்தையது. கெட்டியான சொல் ஒன்று நம் இலக்கணத்திலேயே இருக்கிறது: ஈற்றயல். ஒரு தொடரின் ஈற்றயல் பகுதியை உச்சக்கட்டம் என்று தமிழாக்கினால், கடைசிப் பகுதிக்கு என்ன பெயர் வைப்பது?

அகரவரிசை என்பது தேடுகிறவனின் வசதிக்காக வந்தது, அவ்வளவுதான். நம் நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கின. மனப்பாடம் செய்கிறவருக்கு அது தோது. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியில் எழுத்துவரிசைக்கு வந்தார். ஆங்கிலத்தில் 1604இல் ராபர்ட் காட்ரி சுமார் 2,500 சொற்களோடு போட்ட சிறு அகராதியே எழுத்துவரிசையில்தான் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சொற்களுக்கு உறவு இருக்கும் என்று இவர்கள் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மோனை பொருந்திவிட்டது என்பதற்காகப் பொருளும் பொருந்த வேண்டுமா என்ன.

உச்சரிப்பு விஷயத்தில் செயலி கொஞ்சம் தேவலை. ‘சி, எச்’ தட்டினால் சேர், கெமிஸ்ட்ரி, ஷெஃப் மூன்றையும் தனித்தனியாகச் சரியாகச் சொல்கிறது. கிரேக்க வழி வந்தவை ‘க’ ஒலியில், பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து வந்தவை ‘ஷ’ ஒலியில் என்ற சூத்திரத்தைக் கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு நாமே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ‘சீஃப்’பும் ‘ஷெஃப்’பும் ஒரே பிரெஞ்சுச் சொல் இரண்டு காலத்தில் இரண்டு முறை ஆங்கிலத்துக்குள் வந்தது என்பது என் கணக்கில் அந்தப் பட்டியலின் மிகச் சுவையான செய்தி. அதுவும் அட்டையில் இல்லை.

உருப்படியான பகுதி எது என்றால் ‘இரட்டைச் சொற்கள்’. தலை ஒன்றாகவும் வால் வேறாகவும் உள்ளவற்றை ஜோடியாக வைத்து, ஒரே வாக்கியத்தில் இரண்டையும் போட்டுக் காட்டுகிறார்கள். எக்கனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எக்கனாமிக்கல் என்றால் சிக்கனமானது. கன்டினியுவல் விட்டு விட்டுத் தொடர்வது, கன்டினியுவஸ் இடைவிடாமல் தொடர்வது. சென்சிபிள் ஆள் விவரமானவர், சென்சிட்டிவ் ஆளிடம் பார்த்துப் பேச வேண்டும். ஹைப்பர், ஹைப்போ ஜோடியை வேகம் குறைத்துக் கேட்கும் வசதியும் உண்டு. மருந்துக் குறிப்புத் தாள்களில் கூடுதலும் குறைவும் இந்த ஒரு ஒலியில் தலைகீழாகிவிடும் என்பதால், எனக்கு அது பலமுறை உதவியது.

ஆனால் ‘ஸ்டேஷனரி’ ஜோடியில் பழைய வியாதி திரும்பிவிட்டது, இம்முறை எதிர்ப்பக்கமாக. வாலில் ‘ஏ’ வந்தால் அசையாமல் நிற்பது, ‘இ’ வந்தால் எழுதுபொருள். என்வலப்பின் ‘இ’யை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், நல்ல உத்தி. கூடவே ‘இவை இரண்டுக்கும் தொடர்பில்லை’ என்று ஒரு வரி. இருக்கிறதே! சுற்றித் திரிந்து விற்காமல் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர்தான் அந்தக் காலத்து ஸ்டேஷனர். அவரிடம் வாங்கும் தாளும் மையும் ஸ்டேஷனரி. உறவில்லாதவர்களைப் பட்டை போட்டுக் கட்டியவர்கள், கூடப்பிறந்தவர்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

மற்றபடி தேடல் வேகம், இணையம் இல்லாமலும் ஓடுகிறது, எழுத்துரு கண்ணுக்கு இதம். விளம்பரம் பத்து அட்டைக்கு ஒருமுறை வந்து கழுத்தை அறுக்கும். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் தருவேன், அதில் இரண்டு இரட்டைச் சொற்களுக்கு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டைத் தலைப்புகளை நம்ப வேண்டாம்.

போன வாரம் கடைசியாக ‘இன்வேல்யுபிள்’ அட்டையைப் பார்த்துவிட்டுச் செயலிக்காரர்களுக்கு நீளமாக ஒரு மடல் எழுதினேன். அட்டையில் இருந்த பொருள் ‘மதிப்பற்ற’. இது விலை சொல்லவே முடியாத அளவுக்கு உயர்ந்தது, ‘விலைமதிப்பற்ற’ என்று போடுங்கள், அந்த ‘விலை’யை விட்டால் தமிழிலும் பொருள் கவிழ்ந்துவிடும் என்று விளக்கியிருந்தேன். இரண்டே நாளில் ஆங்கிலத்தில் பதில் வந்தது: உங்கள் கருத்து எங்களுக்கு இன்வேல்யுபிள். இன்று காலை திறந்து பார்த்தேன், அட்டை மாறவில்லை.