கொப்பரைக் கிடங்கா, தார்சு வீடா?

எங்கள் களத்தில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று, தம்பி 2014-இல் கட்டிய தார்சு வீடு, அதாவது தட்டையான கான்கிரீட் கூரை போட்டது. மற்றொன்று, 2021-இல் நான் குடியேறிய கொப்பரைக் கிடங்கு. நடுவே நாற்பது அடி கூட இருக்காது. ஒரே மண், ஒரே மழை, ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒழலப்பதியில் இருக்கும் அத்தை மகன் தன் வீட்டுப் பழைய கிடங்கை இடிப்பதா, திருத்தி வீடாக்குவதா என்று மூன்று மாதமாக என்னைத் துளைக்கிறான். பார்க்கும்போதெல்லாம் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் கிடங்குக் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகிற வழி. ரேஷன் அட்டை மலையாளத்தில் இருக்கும், பங்காளிச் சண்டை தமிழில் நடக்கும். கிடங்கைத் தாத்தா கட்டியபோது கேரளம் என்ற மாநிலமே இல்லை. திருவிதாங்கூர்-கொச்சியாக இருந்த காலம். முதலில் நிலக்கடலை மூட்டைகள் கிடந்தன. தோட்டமெல்லாம் தென்னையான பிறகு கொப்பரை வந்தது. அறுபதடி நீளம், இருபதடி அகலம், ஒன்றரை அடி தடிமனுக்கு மண் சுவர், அடியில் மூன்றடி கருங்கல் கட்டு, பனங்கையின் (பனைமரக் கைமரம்) மேல் வில்லை ஓடு.

கூரையைப் பிரித்தபோது சில ஓடுகளின் முதுகில் பேசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனின் பெயரும் 1865 என்ற எண்ணும் ஆங்கிலத்தில் பொறித்திருந்தன. வேலைக்கு வந்தவர்கள் நூற்றைம்பது வருட வீடு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். உண்மையில் அது மங்களூரில் பேசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. தாத்தா எங்கோ இடித்த கட்டடத்திலிருந்து வண்டியில் ஏற்றி வந்ததாக அம்மா சொல்கிறார். எங்கள் கிடங்கு அந்த ஓடுகளுக்கு இரண்டாவது வீடாவது இருக்க வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

தெரிந்த விஷயங்களை நீட்ட வேண்டியதில்லை. ஓட்டு வீடு குளிர்ச்சி. சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் தார்சு வீடு நள்ளிரவு வரை வெப்பத்தைக் கக்கும். செலவைப் பற்றி ஒரு பொய்யை மட்டும் உடைத்துவிடுகிறேன். பழையதைத் திருத்துவது மலிவு என்பார்கள். எனக்கு நினைத்ததைப் போல இரண்டு மடங்கு ஆனது. தம்பிக்கு ஆனதில் பாதியைத் தாண்டிவிட்டது.

காகித வேலையும் இரு வழிக்கும் உண்டு. கிடங்கு என்று பதிவான கட்டடத்தில் குடியிருக்க, 2019-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து கட்டட விதிகளின்படி பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் முன்னால் ஆவணத்தில் இடம் 'புரயிடம்' (மனை, தோட்டம்) என்று இருக்கிறதா, 'நிலம்' (கேரள ஆவணத்தில் நெல்வயல்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிலம் என்று இருந்தால் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வந்து நிற்கும். அப்போது கொத்தனாருக்கு முன் வில்லேஜ் ஆபீஸைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கொப்பரைக் கிடங்குக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. தரையில் எண்ணெய் ஊறியிருக்கும். அதன் மேல் சிமெண்ட் போட்டால் பிடிக்காது. எங்கள் தரையை அரையடி வெட்டி எடுத்துக் கொட்டினோம். வாடை போக ஒரு முழுக் கோடை ஆனது. அதுவரை சோற்றில்கூடக் கொப்பரை மணந்தது. கொப்பரை வண்டு இரண்டாம் ஆண்டுதான் ஒழிந்தது.

கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. மேலே கையகலத் துவாரங்கள் மட்டும். மண் சுவரில் ஜன்னல் வெட்டுவது பல் பிடுங்குவது போன்ற வேலை, அவசரமே கூடாது. முதலில் கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஜன்னலுக்கு மேல் வரும் கற்பலகைக்காகச் சுவரின் தடிமனில் பாதியை மட்டும் வெளிப்பக்கமிருந்து குடைந்து, ஒரு பலகையைச் செருகி இறுக்க வேண்டும். அது காய்ந்து பிடித்த பிறகு உள்பக்கப் பாதியில் இன்னொரு பலகை. இரண்டும் உட்கார்ந்த பின்புதான் கீழே சுவரை அறுக்கலாம். எட்டு ஜன்னலுக்கு ஐந்து வாரம் பிடித்தது.

நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். சமையலறைச் சுவருக்கு மேஸ்திரியின் பேச்சைக் கேட்டு சிமெண்ட் பூசினேன். மண் சுவர் ஈரத்தை இழுக்கும், விடும். சிமெண்ட் அதை விடவிடாது. இரண்டே மழையில் பூச்சு அப்பளம் போல உப்பி, ஒரு நாள் விடியற்காலையில் பாத்திரங்களின் மேல் விழுந்தது. பிறகு எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்புதான். குளியலறையை மண் சுவருக்குள் வைக்கவே இல்லை. பின்பக்கம் ஹாலோபிளாக் கல்லில் தனியாக ஒட்டிக் கட்டினேன். சுண்ணாம்புச் சுவரைப் பார்க்கிற மலையாளி நண்பர்கள் 'லாரி பேக்கர் வீடு' என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் பேக்கர் கட்டியவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்பாரில்லை.

இனி மண்ணுக்கு வருகிறேன். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கரிசல். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி மணிக்கட்டு வரை கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். தம்பி நான்கடி தோண்டி, கருங்கல் அஸ்திவாரம் போட்டுக் கட்டினான். மூன்றாவது கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியது. மழை வந்தால் மூடிக்கொள்ளும், பங்குனியில் மறுபடி வாய் திறக்கும். பார்க்க வந்த பொறியாளர், இந்த மண்ணுக்கு அடிமுனை குமிழ் போல அகன்ற பைல் (மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்) அஸ்திவாரம் போட்டிருக்க வேண்டும் என்றார். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்காக உருவாக்கிய முறை அது. கட்டி முடித்த பிறகு கேட்டு என்ன பயன்? கிடங்கு அப்படியில்லை. அது அமுங்க வேண்டியதெல்லாம் தாத்தா காலத்திலேயே அமுங்கி முடித்துவிட்டது.

ஆனால் அது பழைய பாரத்தோடுதான் சமாதானமாக இருக்கிறது. "சுவர்தான் தடிமனாக இருக்கிறதே, மேலே ஒரு தார்சு போட்டுவிடலாம்" என்று யோசனை சொல்ல நான்கு பேராவது வருவார்கள். எனக்கும் வந்தார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். என் கூரைக்குச் சுமார் 2,500 ஓடு. ஒன்று இரண்டரை கிலோ என்றால் ஆறு டன் சொச்சம். மரத்தையும் சேர்த்தாலும் 10 டன்னைத் தாண்டாது. அதே இடத்துக்கு ஐந்து அங்குல கான்கிரீட் போட்டால் 35 டன் வரும். யோசனை சொன்னவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே கிடங்கை வைத்துக்கொள்வதென்றால் ஓட்டுக் கூரையையும் வைத்துக்கொண்டாக வேண்டும். பராமரிப்பு என்ற பூச்சாண்டி இங்கேதான் வரும். "ஓட்டு வீடா? வருடா வருடம் ஓடு மாற்ற முடியுமா?" என்று கேட்காத உறவினர் இல்லை. மாற்றத்தான் வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்னால், வைகாசியில் ஒரு நாள். நண்பகலில் கதவு, ஜன்னலையெல்லாம் அடைத்து இருட்டாக்கிவிட்டு நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். உடைந்த ஓடும் விலகிய ஓடும் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். நீளக் குச்சியால் ஒவ்வொன்றையும் உள்ளிருந்து தட்டினால், மேலே வெறுங்காலோடு பலகை மேல் உட்கார்ந்திருக்கும் ஓட்டுக்காரர் அந்த ஓட்டை உருவிவிட்டு வேறொன்றைச் செருகுவார். தட்டினால் நல்ல ஓடு கணீர் என்னும், கீறல் விட்டது பொத்தென்று சொல்லும். முதல் ஆண்டு இருநூறுக்கு மேல் மாற்றினோம். இப்போது ஆண்டுக்கு முப்பது நாற்பது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் முன்னூறு பழைய ஓடு அடுக்கி வைத்திருக்கிறேன். போன வைகாசியில் இரண்டு ஆள் கூலியும் சாப்பாடுமாக 2,800 ரூபாய் ஆனது.

ஓட்டை உடைப்பது மழையல்ல. தென்னை மட்டையும் மயிலும்தான். கூரையை ஒட்டி நின்ற இரண்டு தென்னையை வெட்டினேன். மயிலை என்ன செய்வது? விடியற்காலை ஐந்தரை மணிக்கு முகட்டின் மேல் பொத்தென்று இறங்கி, படியிறங்குகிற மாதிரி நடந்து போகும். ஆடிக்காற்றும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிக் கஞ்சிக்கோட்டில் காற்றாலையே வைத்திருக்கிறார்கள். ஓட்டைத் தூக்குவதா அதற்குப் பெரிது? மேற்குப் பக்கக் கீழ் வரிசைகளை ஓட்டின் துளை வழியே கம்பி விட்டு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தோடு கட்டினோம். அதற்குப் பிறகு பறக்கவில்லை. மரத்துக்கு எதிரி கரையான். அரித்துப்போன பனங்கைகளைக் கழித்து அந்த இடத்தில் இரும்புக் குழாய் வைத்தேன். பழமை கெட்டுவிட்டது என்று ஒரு நண்பர் வருந்தினார். அவர் குடியிருப்பது அடுக்குமாடியில்.

தம்பி வீட்டுக்கு முதல் ஏழு ஆண்டு கூரைச் செலவே இல்லை. நான் கிடங்கில் குடியேறியபோது என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கூடத்தில் மின்விசிறிக் கொக்கி வழியாகச் சொட்டத் தொடங்கியது. தார்சில் இதுதான் வம்பு: ஒழுகுவது ஓரிடம், சொட்டுவது வேறிடம். மொட்டை மாடியில் எந்த விரிசல் என்று தேடி மூன்று முறை ரசாயனம் பூசினார்கள். அடங்கவில்லை. 2022-இல் மாடி முழுக்க இரும்புச் சட்டம் நிறுத்தித் தகடு போட்டான்: 2.75 லட்சம். கேரளத்தில் எந்தச் சாலையில் போனாலும் பாருங்கள், தார்சு வீடுகளின் தலையில் இன்னொரு கூரை. அவன் கொடுத்த தொகையில் போன ஆண்டுக் கணக்குக்கு நான் ஏறக்குறைய நூறு ஆண்டு ஓடு மாற்றலாம். கூலி அப்படியே நிற்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒழுகும் ஓட்டைக் கண்ணால் பார்த்து, அதை மட்டும் மாற்ற முடிவதற்கு என்ன விலை போடுவது? கழற்றிய ஓட்டை இன்னொரு கூரையில் வைக்கலாம். உடைத்த தார்சைப் பள்ளத்தில்தான் கொட்ட வேண்டும்.

இதில் என் பக்கத்துப் பலவீனம் ஆள்தான். ஓட்டுக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. மகன் பொள்ளாச்சியில் ஆட்டோ ஓட்டுகிறார். நான் ஏறப் பழகிக்கொண்டிருக்கிறேன், மனைவிக்குத் தெரியாமல். நான் பார்த்ததும் ஐந்து மழைக்காலம்தான். இருபது ஆண்டு கழித்துக் கேட்டால் பேச்சு மாறலாம்.

தம்பி வீடு ஜெயிக்கிற இடங்களும் உண்டு. எலி இல்லை, தூசி விழுவதில்லை, தண்ணீர்த் தொட்டியை மாடியிலேயே வைத்துக்கொண்டான். நான் தனியாகத் தூண் எழுப்பினேன். என் வீட்டில் அறைத் தடுப்புகள் கூரை வரை போகாததால் மகள் ஒப்பிக்கும் வாய்ப்பாடு எல்லோருக்கும் மனப்பாடம். விற்கும் எண்ணம் இருந்தால் தார்சுதான். மண் சுவர் என்றதும் வாங்க வருகிறவர் மனைக்கு மட்டும் விலை பேசுவார். வங்கிக் கடன் நான் வாங்கவில்லை, அதில் என்னை நம்ப வேண்டாம்.

அத்தை மகனுக்குச் சொன்னது இவ்வளவுதான். மழை விடாமல் பெய்கிற ஒரு வாரத்தில் டார்ச்சோடு உள்ளே போய், சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார். கருங்கல் கட்டுக்கு மேலே இடுப்பளவு ஏறியிருந்தால் யோசி. பிறகு ஏணி போட்டு, கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில் திருப்புளியால் குத்து. பாதிக்கு மேற்பட்ட கைமரங்களில் உள்ளே இறங்கினால் இடித்துவிடு, நானே ஆள் அனுப்புகிறேன்.

நேற்று இரவு கூப்பிட்டான். ஒன்பது கைமரத்தைக் குத்திப் பார்த்தானாம். இரண்டில் பிடி வரை இறங்கிவிட்டதாம்.

"மீதி ஏழு?" என்றேன்.

"திருப்புளி முனை மழுங்கிவிட்டது மாமா" என்றான்.