லினக்ஸ் மின்டில் இரண்டு வருடம், இரண்டு மவுஸ்

பழைய மடிக்கணினியில் விண்டோஸ் போல ஓர் இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 21 போட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. பிரவுசர், கணக்கு வழக்கு, தமிழ்த் தட்டச்சு எல்லாம் அதில்தான். இத்தனை நாளில் என்னை அதிகம் அலைக்கழித்தது மவுஸ். புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தொல்லை இரண்டாவது வாரத்திலேயே வந்தது. இரண்டு நொடி கையை எடுத்தால் போதும், வயர் மவுஸின் அடியில் எரியும் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். நகர்த்தினால் அசையாது, ஒரு கிளிக் கொடுத்தால்தான் எழும். மவுஸை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லையோ என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். அது வீண் அலைச்சல். சாதாரண மவுஸுக்கு வேண்டிய டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது.

அப்புறம் கட்டளை தட்டும் சன்னலான டெர்மினலைத் திறந்து சூடோ, இடைவெளி, டிஎம்இஎஸ்ஜி, இடைவெளி, ஹைஃபன் டபிள்யூ என்று அடித்தேன். கெர்னல் சொல்வதெல்லாம் உடனுக்குடன் திரையில் ஓடும். மவுஸைக் கழற்றி மாட்டினால் நான்கைந்து வரிகள் வந்தன. ஆனால் அது மரத்துப்போகும்போது ஒரு வரிகூட வரவில்லை. அப்படியானால் இணைப்பு அறுபடவில்லை, வயரும் போர்ட்டும் சரி, மவுஸ் தூங்குகிறது, அவ்வளவுதான். தூங்க வைத்தது யார்? பேட்டரியை மிச்சப்படுத்த நான் போட்ட பவர்டாப் என்ற மென்பொருள். அதன் ஆட்டோ ட்யூன் கட்டளையைக் கணினி துவங்கும்போதே ஓடும்படி வைத்திருந்தேன். அது யுஎஸ்பி சாதனங்களுக்கும் ஆட்டோ சஸ்பெண்டை, அதாவது சும்மா இருந்தால் தூங்க வைக்கும் வசதியை, இயக்கிவிடுகிறது. கெர்னலில் அதற்கான இயல்பு நேரம் 2 நொடி. துவக்கப் பட்டியலிலிருந்து அந்தக் கட்டளையை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். மவுஸ் சரியாகிவிட்டது.

ஒரு வருடம் கழித்து வயர்லெஸ் மவுஸ் வாங்கினேன். சில நாள் நன்றாக ஓடும், சில நாள் அம்பு திக்கித் திக்கி நகரும். பேட்டரி மாற்றினேன், வேக அமைப்பைக் கூட்டிக் குறைத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு மாலை பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது: வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கும் நாளில் மட்டும்தான் இந்தத் திக்கல். டிஸ்கைக் கழற்றினேன், அம்பு வெண்ணெய்யாக வழுக்கியது. மாட்டினேன், மறுபடி திக்கியது.

இதில் லினக்ஸின் தவறு ஏதுமில்லை. டிஸ்க் மாட்டியிருந்த வேகமான யுஎஸ்பி 3.0 இணைப்பு வேலை செய்யும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. வயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அதே இடத்தில்தான். இன்டெல் 2012இலேயே இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸின் சிக்னலை வாங்கக் கணினியில் செருகும் என் ரிசீவர், டிஸ்க் கேபிளுக்கு ஒரு விரல் தள்ளி இருந்தது. ஓர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ரிசீவரை மேசையின் மறுபக்கம் மவுஸுக்கு அருகே வைத்தேன். அன்றோடு நின்றது.

உங்கள் மவுஸ் மக்கர் செய்தால், இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒட்டுவதற்கு முன் அதை வேறு கணினியில் மாட்டிப் பாருங்கள். மின்ட் நிறுவிய பென்டிரைவ் இருந்தால் அதிலிருந்து லைவாக, அதாவது எதையும் நிறுவாமல், துவக்கியும் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால், நீங்கள் பின்னால் சேர்த்த ஏதோ ஒன்றின் மேல்தான் சந்தேகம் விழ வேண்டும். ஒரு கிளிக் இரண்டாக விழுந்து, அது எல்லாக் கணினியிலும் அப்படியே இருந்தால் பொத்தானின் சுவிட்ச் தேய்ந்திருக்கும். அமைப்புகளைத் தோண்ட வேண்டாம்.

எனக்கு மிச்சமிருக்கும் ஒரே குறை சக்கரம். நான் வைத்திருக்கும் சினமன் என்ற மின்ட் திரைச்சூழலின் அமைப்புகளில் அதன் வேகத்தை மாற்ற இடம் கிடைக்கவில்லை. ஃபயர்பாக்ஸின் உள்ளமைப்பில் மட்டும் கூட்டி வைத்திருக்கிறேன்.