மால்ட் உடைக்க எது போதும்: கையால் சுற்றும் தட்டு மில்லா, உருளை மில்லா?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் ஆரம்பத்தில் உடைத்த மால்ட்டைத்தான் (முளைகட்டி உலர்த்திய பார்லி போன்ற தானியம்) வாங்குவார்கள். முழு மணியாக மூட்டை வாங்கினால் மலிவு, பல மாதம் கெடாது, உடைத்ததோ சில வாரத்தில் வாசம் போய்விடும் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவரும். அப்போது இந்தக் கேள்வி வரும்: கையால் சுற்றும் மலிவான தட்டு மில் போதுமா, பல மடங்கு விலை கொடுத்து உருளை மில் வாங்கத்தான் வேண்டுமா?

தட்டு மில் மக்காச்சோளம் அரைக்கப் பிறந்தது. கொலம்பியாவின் லேண்டர்ஸ் நிறுவனம் செய்த 'கொரோனா' பிரபலமாகிவிட்டதால், அந்த வடிவத்தில் வரும் எல்லாவற்றுக்குமே கொரோனா மில் என்று பேராகிவிட்டது. (கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மில் ரொம்ப மூத்தது.) வார்ப்பிரும்பு உடல், மேலே மணி கொட்டும் வாய், உள்ளே மணியைத் தள்ளிக்கொண்டு போகும் திருகு, முனையில் பள்ளம் வெட்டிய இரண்டு தட்டுகள். ஒன்று அசையாது, இன்னொன்று சுற்றும். திருகையைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தது மாதிரிதான். உருளை மில்லில் அரைக்கும் வேலையே கிடையாது. சொரசொரப்பான இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும், நடுவில் சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் மணி நசுங்கி விழும்.

இரண்டிலிருந்தும் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். உருளையில் விழுந்ததில் உமி நீளவாக்கில் பிளந்து, கிட்டத்தட்ட முழுசாக இருக்கும். உள்ளேயிருந்த வெள்ளைப் பருப்பு குருணையாக உதிர்ந்திருக்கும். தட்டில் விழுந்ததில் உமி துணுக்குத் துணுக்காகக் கிழிந்திருக்கும், குருணையோடு மாவும் கலந்து கையில் ஒட்டும்.

உமி கிழிந்தால் என்ன என்று கேட்கலாம். மாஷ், அதாவது உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்கும் வேலை, முடிந்து சாற்றை வடிக்கும்போது, பாத்திரத்தின் அடியில் படியும் அந்த உமிதான் வடிகட்டி. அது தூளாகி, கூட மாவும் சேர்ந்தால் களி மாதிரி அடைத்துக்கொள்ளும். சர்க்கரை இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்ற பேராசையில் ஒருமுறை தட்டுகளை நன்றாக இறுக்கி 5 கிலோ அரைத்தேன். குழாயைத் திறந்தால் நாலு சொட்டு, அவ்வளவுதான். கிளறிவிட்டு, படியவிட்டு, மறுபடி திறந்து, நடுராத்திரி வரை பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இதே அரைப்பை ஒரு துணிப்பைக்குள் போட்டு மாஷ் செய்திருந்தால் பிரச்சினையே இல்லை. அங்கே வடிகட்டுவது பை. உமிக்கு அந்த வேலை இல்லை. நைசாக அரைத்தால் சர்க்கரை கூடுதலாகவே இறங்கும். கிழிந்த உமியால் துவர்ப்பு வரும் என்று பயமுறுத்துவார்கள். மிச்சச் சர்க்கரையை மால்ட்டிலிருந்து கழுவி இறக்கும் தண்ணீர் 77 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், பிஎச் 6-க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் அதற்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

தட்டு மில்லின் உண்மையான தொல்லை ஆட்டம். சுற்றும் தட்டு லேசாக ஆடினாலும், ஒரு பக்கம் மாவு, இன்னொரு பக்கம் உடையாத முழு மணி என்று விழும். வாஷர் வைத்து ஆட்டத்தை எடுத்துவிட்டு, தளர்வாக ஆரம்பித்து, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கிப் பார்ப்பதுதான் வழி. முழு மணி விழுவது நின்றுபோன இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அரைப்பதற்கு முன் 5 கிலோவுக்கு 100 மில்லி தண்ணீர் தெளித்துப் பிசறி, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் உமி தோல் மாதிரி வளைந்துகொடுக்கும், அவ்வளவாகக் கிழியாது. வேலை முடிந்ததும் ஒரு கைப்பிடி காய்ந்த மணியை ஓட்டி, பிரஷ்ஷால் தட்டி வையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் துருப்பிடிக்கும்.

உருளை மில்லுக்கு இந்த உபசாரமெல்லாம் வேண்டாம். ஒருமுறை இடைவெளி வைத்தால் நிற்கும். டிரில் மாட்டி மெதுவாக ஓட்டினால் 5 கிலோ சில நிமிட வேலை. கையால் தட்டு மில் சுற்றினால் தோள்பட்டை கேள்வி கேட்கும். ஆனால் கோதுமை மால்ட்டில் உருளை கொஞ்சம் திணறும். மணி சிறிசு, கெட்டியும் கூட. பார்லிக்கு வைத்த இடைவெளியில் பாதி உடையாமலே நழுவிவிடும். தட்டு மில் அதை யோசிக்காமல் அரைத்துத் தள்ளும்.

மிக்ஸியைப் பற்றியும் கேட்பார்கள். அது உடைக்காது, வெட்டும். அரைக் கிலோவுக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

பையில் காய்ச்சுகிறவருக்குத் தட்டு மில் போதும், மிச்சப் பணத்தில் நல்ல வெப்பமானி வாங்கலாம். உமிப்படுகை வழியாக வடிப்பவர், அதுவும் மாதாமாதம் 20 லிட்டர் காய்ச்சுகிறவர் என்றால், நேராக உருளைக்கே போகலாம். நடுவில் தட்டு மில் வாங்குவது இரட்டைச் செலவு. எதை வாங்கினாலும் நொதிக்கும் பாத்திரம் இருக்கும் அறையில் மட்டும் அரைக்காதீர்கள். மால்ட் தூசியில் லாக்டோபேசிலஸ் என்ற புளிக்கவைக்கும் பாக்டீரியா இருக்கும். அது உள்ளே விழுந்தால் பீர் புளித்துவிடும்.