மின்சாரம் கேட்காத செங்கல் குளிர்பெட்டி: கீரைக்குச் சரி, வெங்காயத்துக்கு வேண்டாம்

தரையில் செங்கல் பரப்பி, மேலே இரட்டைச் சுவர். நடுவில் 7.5 செ.மீ. இடைவெளி விட்டு, அதில் சலித்த ஆற்று மணல். மூங்கில் சட்டத்தில் வைக்கோல் மூடி. இவ்வளவுதான் கட்டுமானம். 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலம், 67.5 செ.மீ. உயரத்தில் கட்டினால் ஏறக்குறைய 100 கிலோ காய் பிடிக்கும். மணல் முழுக்க ஊறும்வரை முதலில் தண்ணீர் விட வேண்டும். பிறகு காலையும் மாலையும் நனைத்தால் போதும்.

குளிர்பெட்டி என்ற பேரை நம்பிக் கட்டினால் ஏமாற்றம்தான். இது காயைச் சில்லிட வைக்காது, வாடாமல் காக்கும். உள்ளே ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்பதால் கீரைத்தண்டு மறுநாளும் ஒடித்தால் 'டக்'கென்று முறியும். தக்காளி, கத்தரி, வெண்டைக்கு இன்னொரு லாபம்: ஃபிரிட்ஜின் கடுங்குளிரில் அவற்றின் தோலில் விழும் குழிகள் இங்கே விழாது.

நனைந்த சுவரிலிருந்து நீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிரும்; அதனால் எல்லாம் காற்றின் கையில். வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், நீர் ஆவியாகிக் குளிரக்கூடிய எல்லை சுமார் 22 டிகிரி. 32 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் எல்லை 29. குடம் குடமாக ஊற்றினாலும் அதற்குக் கீழே இறங்காது. மழை மாதங்களில் இதை நம்பி விற்பனையைத் தள்ளிப்போடக் கூடாது.

கட்டும்போது நடக்கும் பெரிய தப்பு, அழகுக்காகச் சிமெண்ட் பூசுவது. செங்கல் மூச்சுவிட முடியாமல் போனால் அது வெறும் தொட்டி. உப்புத் தண்ணீரும் அப்படியே: வெளிச்சுவர் வெள்ளையாகப் பூத்து நுண்துளைகள் அடைபடும். மேலே நிழல் கூரை கட்டாயம். காற்றோட்டம் அதைவிடக் கட்டாயம்.

காயைக் குவித்துப் போடாமல், துளையுள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிரப்பி அடுக்குங்கள். இல்லையென்றால் மேல் கிரேட்டின் எடை காயின்மேல் இறங்கும். அடிபட்டது, கீறல் விழுந்தது உள்ளே போகவே கூடாது. அந்த ஈரத்தில் பூஞ்சை வெளியில் இருப்பதைவிட வேகமாகப் பரவும். நனைக்கும்போது காயில் தண்ணீர் சொட்டினாலும் இதே கதிதான். பழுத்த வாழையைக் கீரையோடு வைத்தால், பழம் விடும் எத்திலீன் வாயுவில் கீரை மஞ்சளாகும். வெங்காயம், பூண்டு இரண்டுக்கும் உலர்ந்த இடமே சரி; இங்கே வேர்விட்டு அழுகும்.

நண்பகலில் மணலுக்குள் விரல் விட்டுப் பாருங்கள். இரண்டாம் கணுவரை காய்ந்திருந்தால் மாலைவரை காத்திருக்காமல் உடனே நனைத்துவிடுங்கள்.