பீட் இல்லாத கலவையில் மூன்று வருடம்: தழைச்சத்து எங்கே போகிறது?

சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய பாசியான பீட்டை விட்டுவிட்டு, தென்னை நார்க்கழிவு, மரநார், மட்கு உரம் சேர்ந்த தொட்டிக் கலவைக்கு மாறி மூன்று வருடம் ஆகிறது. தண்ணீர் ஊற்றும் கணக்கு சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. என்னைப் படுத்தி எடுத்தது தழைச்சத்துதான், அதாவது நைட்ரஜன்.

முதல் வருடம், தக்காளி நாற்றைப் பிடுங்கி நட்ட மூன்றாம் வாரமே அடி இலை வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிற மஞ்சள் அல்ல. இலை முழுக்க ஒரே சீராக வெளிறி, தொட்டால் காம்போடு கையில் வந்தது. குருத்து மட்டும் பச்சை. தழைச்சத்து போதாதபோது செடி முதிர்ந்த இலையில் இருப்பதை உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். கலவை வந்த பையில் 'ஆறு வாரத்துக்கு உரம் தேவையில்லை' என்று போட்டிருந்ததை நான் நம்பியிருந்தேன்!

சரி, பையில் இருந்த சத்து எங்கே போனது? மரநாரைத் தின்னும் நுண்ணுயிரிகளிடம். மரத்தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 400, 500 பங்கு கார்பன் வரை இருக்கும். நுண்ணுயிரிகளுக்கு 25, 30 பங்கு இருந்தால்தான் சரிப்படும். பற்றாததைச் சுற்றியுள்ள உரத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. செடிக்கு இரண்டாம் பந்திதான். நார்க்கழிவிலும் கார்பன் அதிகம்தான், ஆனால் எளிதில் மட்காத லிக்னின் என்ற கட்டைப்பொருள் நிறைய இருப்பதால் மெதுவாக மட்கும், இழுப்பும் குறைவு.

இது தெரியாமல் பதறிப்போய் ஒரு கை யூரியா போட்டேன். சுத்த முட்டாள்தனம். யூரியா அம்மோனியமாக உடையும்போது கலவையில் காரத்தன்மை ஏறும், கொஞ்சம் அம்மோனியா வாயுவாகவே கிளம்பும். இரண்டு நாளில் தொட்டியருகே குனிந்தால் மூக்கைத் துளைத்தது. இலை ஓரமும் கருகியது. தப்பியது நைட்ரேட்டாக மாறினாலும் கலவையில் ஒட்டி நிற்காது, ஊற்றுகிற தண்ணீரோடு அடித்துளை வழியே போய்விடும்.

இரண்டாம் வருடம் நட்ட வாரத்திலிருந்தே, அளவில் பாதியாகக் கரைத்த திரவ உரத்தை வாரம் இருமுறை ஊற்றினேன். மஞ்சள் வரவில்லை. மரநார் தூக்கலாக உள்ள கலவையை நாற்றுத் தட்டுக்கு மட்டும் இனி எடுக்க மாட்டேன். பெரிய தொட்டிக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வருடம் பழைய கலவையிலேயே கத்தரி வைத்திருக்கிறேன். நுண்ணுயிரிகள் சுலபமாகத் தின்னக்கூடியதைத் தின்று முடித்துவிட்டன போல, உரம் குறைவாகவே கேட்கிறது. அடி இலை இன்னும் பச்சை. ஆனால் கலவை நான்கு விரல் அளவு இறங்கிவிட்டது, அப்புறம் தண்ணீரும் முன்பு போல வடிவதில்லை.