கடல்நீர், ஏரிநீர், கழிவுநீர்: சென்னைக்கு எது முதலில்?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சென்னை மூழ்கியது. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம், பூண்டி, புழல், சோழவரம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டுபோய், அடுத்த மாதமே ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்தார்கள். நடுவில் நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. பெய்த மழையைப் பிடித்து வைக்க முடியாததுதான் இந்த ஊரின் நோய். அதற்கு மாநில அரசின் கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. பணம் பெரும்பாலும் ஒரே வழியில் போவதுதான் என் கவலை.

அந்த வழி கடல்நீரைக் குடிநீராக்குவது. மீஞ்சூர் ஆலை 2010-லும் நெம்மேலி ஆலை 2013-லும் வந்தன. இரண்டும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் தரக்கூடியவை. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை 2024-ல் சேர்ந்தது. நெம்மேலிக்குப் பக்கத்துப் பேரூரில் 40 கோடி லிட்டருக்கு ஒன்றைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பருவமழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது என்பது பெரிய பலம். 2019-ல் குழாயில் கொஞ்சமாவது தண்ணீர் வந்ததற்கு இந்த ஆலைகளும் ஒரு காரணம். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் தேவை. அப்படியானால் 10 கோடி லிட்டர் ஆலை ஒன்றுக்கு தினமும் 3 முதல் 4 லட்சம் யூனிட். எடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் மேல் அடர்ந்த உப்புநீராகத் திரும்பக் கடலுக்கே போகிறது. அதன் பாதிப்பைச் சுமப்பது கரையோர மீனவர்கள்.

இதை ஏரியோடு வைத்துப் பார்ப்போம். 10 கோடி லிட்டர் ஆலை ஒருநாள்கூட நிற்காமல் ஓடினாலும் ஓராண்டில் தருவது சுமார் 1.3 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). செம்பரம்பாக்கம் ஒருமுறை நிரம்பினால் 3.6 டிஎம்சி. கிட்டத்தட்ட மூன்று ஆலைகளின் ஓராண்டு உழைப்பை ஒரே ஏரி ஒரு நல்ல ஐப்பசி, கார்த்திகையில் வாங்கி வைத்துக்கொள்கிறது. கோடையில் ஒரு பங்கு ஆவியாகப் போகும், உண்மைதான். போனது போக மிஞ்சுவதும் நிலத்தடிக்கு இறங்குவதும் சேர்ந்தாலே கணக்கு ஏரியின் பக்கம்தான் சாய்கிறது.

ஏரிக்கு மின்சாரம் வேண்டாம், கவனிக்க ஆள் வேண்டும். சிக்கலே அங்கேதான். தூர்வாருவது என்றாலே நம் ஊரில் நடு ஏரியில் பொக்லைன் இறக்கி மண் அள்ளுவதாகிவிட்டது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. கிணறுகளுக்கு ஊற்று கிடைக்கும், அவ்வளவுதான். தோண்ட வேண்டிய இடம் வரத்துக்கால்வாய். மேல் ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கலில் வழிவதை அடுத்த ஏரி வாங்கிக்கொள்ளும் சங்கிலித்தொடர் இது. வழியில் கால்வாயை மறித்து ஒரு லேஅவுட் வந்துவிட்டால் போதும், கீழ் ஏரி காய்கிறது. வழிந்த தண்ணீர் தெருவுக்குள் நுழைகிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. கலங்கலுக்குக் கீழே கால்வாயைத் தேடிப் போனால் சீமைக்கருவேலமும் காம்பவுண்டுச் சுவரும்தான் எதிர்ப்படுகின்றன.

இன்னொரு நியாயமும் உண்டு. ஏரி சென்னைக்கு மட்டும் சொந்தமில்லை. 2004 முதல் வீராணம் தண்ணீர் குழாயில் சென்னைக்கு வருகிறது. அதே ஏரியை நம்பிக் கடலூர் மாவட்ட ஆயக்கட்டு (ஏரிப் பாசன நிலம்) விவசாயி நாற்று விடுகிறார். தூரத்து ஏரியை நகரத்துக்குத் திருப்பும் திட்டம் எதுவானாலும் அவருக்கான பங்கை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மூன்றாவது வழி, சுத்திகரித்த கழிவுநீர். நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டருக்கு நிலையங்கள் 2019-ல் வந்தன. ஒன்று மணலித் தொழிற்சாலைகளுக்கு, மற்றது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். இரண்டும் முழுமூச்சில் ஓடினால் ஆண்டுக்கு 1.1 டிஎம்சிக்கு மேல். அந்த அளவு நல்ல தண்ணீரைத் தொழிற்சாலை விட்டுக்கொடுக்கிறது, வீடு வாங்கிக்கொள்கிறது. சாக்கடைநீரில் உப்பு கடல்நீரைவிடப் பல மடங்கு குறைவு என்பதால் மின்செலவும் குறைவு. நகரம் வளர வளர இந்த ஊற்றும் வளரும். மழையையும் கேட்காது, பக்கத்து மாவட்டத்தையும் கேட்காது. குடிக்க இதைத் தர மக்கள் மனம் இன்னும் ஒப்பவில்லை. ஒப்பத் தேவையும் இல்லை, தொழிற்சாலைகளின் தேவையே இன்னும் நிறைய மீதமிருக்கிறது.

ஆகவே என் வரிசை இது: கழிவுநீர், அடுத்து ஏரி, கடைசியில் கடல். கட்டிய ஆலைகளை வறட்சிக்கான காப்பீடாக வைத்துக்கொள்ளலாம். பேரூருக்கு அடுத்து இன்னொரு ஆலைக்கு அரசாணை போடுவதற்கு முன், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்தோடும் தொழிற்சாலைக் குழாயையும் சேர்த்தே டெண்டர் விடட்டும். செம்பரம்பாக்கத்துக்கு மேலே உள்ள ஏரிகளில், கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை கால்வாயை அளந்து எல்லைக்கல் நட்டு, அந்த வரைபடத்தைப் பத்திரப்பதிவு அலுவலகத்தின் சுவரில் ஒட்டட்டும்.