கேசிசி கடன்: 4 சதவீத வட்டி யார் கைக்கு வருகிறது?

கிசான் கிரெடிட் கார்டு (கேசிசி) என்ற விவசாயக் கடன் திட்டம் 1998-இல் வந்தது. நிலமும் பட்டாவும் உள்ள சிறு விவசாயிக்கு, வணிக வங்கியில் இதைவிட மலிவான பயிர்க்கடன் இல்லை. ஆனால் விளம்பரத்தில் வரும் 4 சதவீதம் தானாகக் கிடைப்பதில்லை. கணக்கை நடத்தத் தெரிந்தவருக்கு அந்தக் குடும்பத்தின் வருமானத்தையே மாற்றுகிற கடன் இது. தெரியாதவருக்கு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய இன்னொரு பாக்கி.

முதலில் வரம்பு. மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன் அளவு நிர்ணயிக்கிறது. உதாரணமாக ஏக்கருக்கு 35,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஏக்கருக்கு 70,000. அதில் 10 சதவீதம் (7,000) குடும்பச் செலவுக்கும் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும், 20 சதவீதம் (14,000) பம்புசெட் போன்றவற்றின் பராமரிப்புக்கும் சேரும். ஆக 91,000. காப்பீட்டு பிரீமியம் தனி. அடுத்தடுத்த ஆண்டுகளில் 10 சதவீதம் கூடி, ஐந்தாம் ஆண்டில் வரம்பு ஏறத்தாழ 1,33,000-ஐத் தொட வேண்டும். பல கிளைகள் முதல் ஆண்டுத் தொகையையே ஐந்து ஆண்டும் ஓட்டுகின்றன. ஆண்டுப் பரிசீலனையின்போது வரம்பை உயர்த்தச் சொல்லி எழுதிக் கேட்க வேண்டும்.

91,000 ரூபாயை ஆறு மாதம் வைத்திருந்தால் 4 சதவீதத்தில் வட்டி 1,820 ரூபாய். ஊரில் நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்கு வாங்கினால் அதே தொகைக்கு 16,380. இரண்டு ஏக்கர் நெல்லில் பல பருவங்களில் மிஞ்சுகிற லாபமே இந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

இது ஓடும் கணக்கு. எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்துதான் வட்டி. உழவுக்கும் நடவுக்கும் 40,000, இரண்டு மாதம் கழித்து உரத்துக்கும் களையெடுப்புக்கும் 30,000, கடைசி இரண்டு மாதத்துக்கு 21,000 என்று எடுத்தால் வட்டி 1,340-ஆகக் குறையும். 480 ரூபாய் மிச்சம் பெரிதல்ல. மேலுரம் போடவேண்டிய நேரத்தில் பணம் கணக்கில் இருக்கிறதே, அதுதான் பெரிது. மொத்தமாக எடுத்த வீட்டில் அந்தப் பணம் அதற்குள் வேறு செலவுக்குப் போயிருக்கும், உரம் கடைக்காரரிடம் கடனாக வரும், விளைச்சலையும் அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேரும். ஆகவே, கடன் தொகை முழுவதையும் சேமிப்புக் கணக்குக்கு ஒரே நாளில் மாற்றுகிற கிளையில், "தேவைக்கேற்ப எடுத்துக்கொள்கிறேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தேதி. 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் மட்டுமே 3 சதவீதம் சலுகை. கெடு பயிரைப் பொறுத்து மாறும், சலுகைக்கு அதிகபட்சம் ஓராண்டுதான். கெடு ஒரு நாள் தவறினாலும் சலுகை போய்விடும், பாக்கிக்கு வங்கியின் வழக்கமான வட்டி ஏறும். கடன் கொடுத்த அன்றே கெடு தேதியைப் பாஸ்புக்கில் எழுதி வாங்குங்கள். கெடு நாளில் வெளியே வட்டிக்குப் புரட்டிக் கட்டி, மறுநாள் திரும்ப எடுத்து வட்டிக்குக் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இடையில் நிற்பவர் வாங்கும் கமிஷன் 3 சதவீதச் சலுகையை விழுங்கிவிடுகிறது. அறுவடைப் பணம் வந்தவுடன் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருவதே இதற்கு மாற்று. பாக்கிக்கு மேல் மிகுதியாகக் கட்டி வைத்தால் அந்தத் தொகைக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியும் உண்டு.

வருமானம் கூடுகிற இடம் அறுவடைக்குப் பிறகுதான். ஆனால் அதற்கு உதவும் கிடங்கு ரசீதுக் கடன் வசதியைத்தான் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள். மிளகாய், நிலக்கடலை, கொத்தமல்லி போடுகிறவர்கள் கெடுவுக்குப் பயந்து, வரத்து மிகுந்து விலை படுத்திருக்கும் வாரத்திலேயே விற்றுவிடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட கிடங்கில் சரக்கை வைத்து மின்னணு ரசீது வாங்கினால், கேசிசி உள்ள சிறு, குறு விவசாயிகள் அதன் பேரில் ஆறு மாதம் வரை 7 சதவீத வட்டியில் கடன் பெறலாம். சரக்கு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் கிடங்கில் எடுக்கமாட்டார்கள்.

மாட்டுக்கும் கேசிசி உண்டு, சலுகை வட்டியில் 2 லட்சம் வரை. ஆனால் அது தீவனம், மருத்துவம் போன்ற நடைமுறைச் செலவுக்கு. மாடு வாங்க வேறு கடன்தான் கேட்க வேண்டும். இது தெரியாமல் விண்ணப்பித்து அலைகிறவர்கள் நிறைய.

பயிர்க் காப்பீடு 2020 காரீப் பருவம் முதல் விருப்பம்தான். வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பிரீமியம் பிடிக்கப்படும். பிடித்தால், வங்கியில் பதிந்த பயிரும் சர்வே எண்ணும் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கடனுக்கு நெல் என்று காட்டி வயலில் உளுந்து போட்டிருந்தால் இழப்பீடு கிடைக்காது.

மிகப் பெரிய குறை குத்தகைக்காரர்கள் விஷயத்தில். விதிப்படி வாய்மொழிக் குத்தகைக்கும், விளைச்சலைப் பங்கிடும் வாரச் சாகுபடிக்கும் கேசிசி உண்டு. நடைமுறையில் விஏஓ அடங்கலில் பயிரிடுபவர் பெயர் வேண்டும். உரிமை போய்விடும் என்ற அச்சத்தில் நில உடைமையாளர் அதற்குச் சம்மதிப்பதில்லை. 4 முதல் 10 பேர் சேர்ந்த கூட்டுப் பொறுப்புக் குழு ஒரு வழி, ஆனால் அதை அமைத்துக்கொடுக்க முன்வருகிற கிளை அரிது. நிலமில்லாத அந்தக் குடும்பங்கள்தான் வாராவாரம் தவணை கேட்கும் குழுக்கடனுக்குப் போகின்றன. நாலு மாதத்துக்கு ஒருமுறை வருமானம், வாரத்துக்கு ஒருமுறை தவணை. அங்கே ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் தொடங்குகிறது. வறுமையைக் குறைக்க வேண்டிய கடன் தேவை மிகுந்த வீட்டைத் தொடாமல் போவது மன்னிக்க முடியாத குறை.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைக் கேளுங்கள். கெடுவுக்குள் கட்டினால் அங்கே பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. ஒரு பகுதி உரமாக வரும். சங்கத்தில் நிதித் தட்டுப்பாடு என்றால் வங்கி.

வங்கிக்குப் போகும்போது சிட்டா, அடங்கல், ஆதார், புகைப்படம், வேறு வங்கியில் பாக்கி இல்லை என்ற உறுதிமொழி கையில் இருக்கட்டும். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள், ஆவணம் முழுமையானால் 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை ஜாமீனோ நில அடமானமோ கேட்கக் கூடாது. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். கிளையில் நகரவில்லை என்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும், ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். வங்கியிடம் எழுதிக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.